‘ஈ’ என்பதா, ‘தா’ என்பதா?

தமிழாசிரியர்கள் தம் பணிக்காலத்தில் ஒருமுறையேனும் வகுப்பில் விளக்கியிருக்கக்கூடிய இலக்கணக் குறிப்பு ஒன்று உண்டு. ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கு ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்கள் தமிழில் உள்ளன. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது ‘ஈ’ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் கேட்கும்போது ‘தா’ என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்கும்போது ‘கொடு’ என்பான். தொல்காப்பியர் எச்சவியலில் இதனை வகுத்துச் சொன்னார். பின்வந்த நன்னூலாரும் வழிமொழிந்தார். இந்தக் குறிப்பை நான் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கும் பயிற்சியாசிரியர்க்கும் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் அதன் முழுப்பொருளை நான் உணர்ந்த இடம் வகுப்பறை அன்று. சிரம்பானில் ஒரு கார் விற்பனையகத்தின் சேவை முகப்பில், கையில் ஒரு பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உணர்ந்தேன்.

உத்தரவாதக் காலத்திற்குள் பழுதான காரைப் பட்டறையில் ஒப்படைத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை ஓட்டுவதற்கு ஓர் இரவல் கார் தருவார்களா என்று நான் கேட்டேன். கேட்ட தொனி ‘ஈ’ என்னும் தொனி. அவர்கள் மறுத்த தொனியும் அதற்கு ஏற்றதாகவே இருந்தது. ஒத்தவனாக நின்று கேட்க வேண்டிய இடத்தில் இரப்பவனாக நின்று கேட்டேன் என்ற வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இது ஒரு தனிமனிதனின் கார்க் கதை, இதற்கு ஆசிரியர் படிக்கும் ஒரு தொகுப்பில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். பொறுத்துப் படிக்குமாறு அவர்களை வேண்டுகிறேன். கேட்கத் தெரியாத ஆசிரியனிடம் படிக்கும் மாணவன் கேட்கத் தெரியாதவனாகவே வளர்கிறான் என்பதுதான் இங்கே வழக்கு.

சைக்கிள் கடைக்காரர் கற்பித்த பாடம்

என் தந்தையார் நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். எழுபதுகளின் இறுதியில், நான் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டின் ஒரே வாகனம் ஒரு சைக்கிள். விடியற்காலைப் பெரட்டுக்கும், அங்கிருந்து வெட்டுக்காட்டுக்கும் அவர் போனது அதில்தான். அம்மாவை மருத்துவரிடம் கூட்டிச் சென்றதும் அதில்தான். ஒருநாள் அதன் பின்சக்கர அச்சு முறிந்தது. பட்டணத்துச் சீனர் சைக்கிள் கடைக்கு இருவரும் தள்ளிக்கொண்டே போனோம். கடைக்காரர் பார்த்துவிட்டு, சாமான் வர நான்கு நாள் ஆகும் என்றார். அடுத்த கணமே, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய சைக்கிள் ஒன்றைத் தள்ளி வந்து என் தந்தையாரின் கையில் கொடுத்தார்.

தந்தையார் கேட்கவில்லை. கடைக்காரரும் எதையும் எழுதி வாங்கவில்லை. சைக்கிள் இல்லாவிட்டால் இந்த ஆள் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் பழுதுக்கூலியும் வராது. இந்தக் கணக்கு அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. பழுதுபார்த்தல் என்பது இரும்பைச் சரிசெய்வது மட்டும் அன்று, அந்த இரும்பை நம்பியிருப்பவனின் நாளையும் காப்பது என்ற அறிவு அவரிடம் இருந்தது. சட்டப் புத்தகம் எதுவும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

குளிரூட்டப்பட்ட கூடம், பளிங்குத் தரை, இலவசக் காப்பி, பணிந்து பேசும் பணியாளர் ஆகிய அனைத்தும் உள்ள இன்றைய விற்பனையகத்தில் அந்தப் பழைய சைக்கிளுக்கு இணையான ஒன்று ஏன் இல்லாமற் போயிற்று? என் கேள்வி இதுவே.

நடந்தது இது

என் கார் புத்தம் புதிதாக வாங்கியது. தவணைக் கொள்முதலில் 9 ஆண்டுக் கடன். மாதத் தவணை 642 வெள்ளி. பதினான்காம் மாதத்தில் கியர்பெட்டி முரண்டியது. வண்டி உத்தரவாதத்திற்கு உட்பட்டது. புக்கிட் புத்துஸ் மலைச்சாலை வழியே மிக மெதுவாக ஓட்டிச் சென்று சிரம்பானில் ஒப்படைத்தேன். மூன்று நாளில் தயாராகிவிடும் என்றார்கள். உதிரிப்பாகம் வரவில்லை என்றார்கள். வந்தது வேறு பாகம் என்றார்கள். ஆக மொத்தம் 26 நாள்கள் வண்டி பட்டறையில் நின்றது.

இரவல் கார் கேட்டபோது எனக்குக் கிடைத்த விடைகள் மூன்று. முதலாவது, இரவல் கார் உண்டு. ஆனால் அது விலையுயர்ந்த வகை வாங்கியவர்களுக்கு முன்னுரிமையாகத் தரப்படுவது. இரண்டாவது, அது ‘எஹ்சான்’ அடிப்படையில் தரப்படுவது. கேட்டுப் பெறும் உரிமை எவருக்கும் இல்லை. மூன்றாவதுதான் நெஞ்சில் தைத்தது. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டுவதற்கு இரவல் வண்டியைத் தருவதில்லையாம்.

இதைச் சொன்ன இளைஞர் நம்மவர். “நானும் தோட்டப் பள்ளியில் படித்தவன்தான் சார், எனக்குத் தெரியாதா? ஆனால் மேலே சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும்” என்று தலைகுனிந்து சொன்னார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருடைய நாவில் அந்தச் சொற்களை வைத்தவர்கள்மீதுதான் கோபம்.

விற்கும்போது அவர்கள் என் சாலையைப் பற்றிக் கேட்கவில்லை. விளம்பரத்தில் அதே வண்டி மலையேறியது. சேற்றைத் தெறிக்கவிட்டுப் பாய்ந்தது. கடன் விண்ணப்பத்தில் என் முகவரியைத் தோட்டத்தின் பெயருடன் எழுதியபோது எவரும் பேனாவை நிறுத்தவில்லை. பணம் வரும் திசையில் செம்மண் சாலை தடையாக இல்லை. பொறுப்பு போகும் திசையில் மட்டும் தடையாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணியளவில், மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு மூச்சிரைப்பு வந்தது. எங்கள் பள்ளியிலிருந்து பெருஞ்சாலைக்கு 7 கிலோமீட்டர். பேருந்து கிடையாது. கைப்பேசியில் அழைக்கும் வாடகைக் கார்கள் அவ்வளவு உள்ளே வருவதில்லை. இத்தகைய நேரங்களில் எங்கள் பள்ளியின் அவசர வண்டி என் கார்தான். அன்று அது சிரம்பானில் தூக்குமேடையில் நின்றது. ஆசிரியை ஒருவரின் சிறிய கார் இருந்தது. அவரோ கூட்டத்திற்காகப் பட்டணம் போயிருந்தார். இறுதியில் செம்பனைக் குலை ஏற்ற வந்த குத்தகைக்காரரின் லாரியில், ஓட்டுநர் அருகில், சிறுவனை மடியில் வைத்துக்கொண்டு நான் மருத்துவகம் போனேன். சிறுவன் பிழைத்தான். இன்று நலமாகப் படிக்கிறான். ஆனால் அந்த லாரிக்குள் கழிந்த நிமிடங்களில், ‘எஹ்சான்’ என்ற சொல் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

மறுநாளே நாளொன்றுக்கு 95 வெள்ளி வீதம் வாடகைக் கார் எடுத்தேன். 12 நாள்களுக்குமேல் என் கை தாங்கவில்லை. ஓடாத காருக்குத் தவணை 642 வெள்ளி. ஓடிய வாடகைக் காருக்கு 1,140 வெள்ளி. அந்த ஒரு மாதத்தில் 1,782 வெள்ளி. எஞ்சிய நாள்களில் சக ஆசிரியரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து பள்ளிக்குப் போனேன். வண்டியைத் திருப்பித் தந்தபோது கொடுத்த பற்றுச்சீட்டில் ‘கட்டணம்: இலவசம்’ என்று அச்சிட்டிருந்தது.

இலவசம் என்பது உண்மையா?

அந்த ‘இலவசம்’ என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்ப்போம். ஒரு பழுதுக்கு மூன்று விலைகள் உண்டு. ஒன்று உதிரிப்பாகத்தின் விலை. மற்றொன்று வேலையாளின் கூலி. மூன்றாவது, அப்பொருள் இல்லாமற் கழியும் காலத்தின் விலை. உத்தரவாதம் தருபவர் முதல் இரண்டையும் தாம் ஏற்கிறார். மூன்றாவதைச் சத்தமின்றி வாங்கியவரின் தலையில் ஏற்றுகிறார். பாகமும் கூலியும் அவர்களுக்கு எவ்வளவு ஆயிற்றோ நான் அறியேன். மூன்றாவது விலை எனக்கு எவ்வளவு என்பதை அறிவேன்.

உத்தரவாதம் என்பது என்ன? நாங்கள் செய்த பொருளில் குறை இருந்தால் அதன் சுமை எங்களுடையது என்னும் வாக்கு. அந்த வாக்கு விலைக்குள் அடங்கியது. ‘5 ஆண்டு, 150,000 கிலோமீட்டர்’ என்று நம் நாட்டுக் கார் நிறுவனங்கள் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வது, அந்த வாக்கு விற்பனைக்கு உதவுகிறது என்பதால்தான். விற்பதற்கு உதவிய வாக்கை நிறைவேற்றும் வேளையில் பாதியாக வெட்டுவது எந்த நேர்மையில் சேரும்?

இதில் காலக்கணக்கு ஒன்றும் உண்டு. அந்த 5 ஆண்டு என்பது நான் ஓட்டும் காலம் என்று எண்ணியிருந்தேன். 26 நாள் பட்டறையில் நின்ற காலமும் அதில் கழிகிறது. வங்கியும் நிறுத்தி வைக்கவில்லை; உத்தரவாதமும் நின்று காத்திருக்கவில்லை. எல்லாக் கடிகாரங்களும் ஓடின. கார் மட்டும் ஓடவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் நாட்டில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999 என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஆசிரியர் பலர் அதன் பெயரை மட்டும் அறிவர். அதன்படி விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 32ஆம் பிரிவு. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்திற்குக் கிடைக்கச் செய்வதைப் பற்றியது 37ஆம் பிரிவு. குறை இருந்தால் நியாயமான காலத்திற்குள் அதைச் சரிசெய்யும்படி விற்றவரைக் கேட்கலாம் என்றும், அக்குறையின் விளைவாக ஏற்பட்டதென மெய்ப்பிக்கப்படும் இழப்புக்கு ஈடு கேட்கலாம் என்றும் கூறுவது 41ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் எதிர்மாறாக எதை எழுதிக்கொண்டாலும் இச்சட்டத்தின் விதிகள் செல்லும் என்பது 6ஆம் பிரிவு. தவணைக் கொள்முதலில் வாங்கிய பொருளும் இதற்குள் அடங்கும். நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய தனிப்பகுதி ஒன்று 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது.

ஆகவே “இரவல் கார் உங்கள் உரிமை என்று எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்பவருக்கு நேர்மையான விடை இதுதான்: ‘இரவல் கார்’ என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆனால் குறையால் விளைந்த இழப்புக்கு ஈடு என்பது உண்டு. நான் கொடுத்த 1,140 வெள்ளி வாடகை அந்தக் குறையின் விளைவு அன்றி வேறென்ன? இரவல் காரைத் தர மறுப்பவர் வாடகைக்குப் பொறுப்பேற்க நேரிடும் என்பதை உணர்ந்தால், மறுப்பு அத்தனை எளிதில் நாவில் வராது.

சட்டத்தின் குறையையும் சொல்லத்தான் வேண்டும். நியாயமான காலத்திற்குள் என்று அது சொல்கிறது. அக்காலத்தில் வாங்கியவர் படும் இடையூற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதே 1999ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்கு வகுத்த நெறி, பழுதுபார்ப்பு நியாயமான காலத்திற்குள் நடப்பதோடு, பொருளின் தன்மையையும் பயனையும் கருதி, வாங்கியவருக்குக் குறிப்பிடத்தக்க இடையூறு இன்றியும் நடக்க வேண்டும் என்றது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சிங்கப்பூரின் சட்டத்திலும், பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே கருத்து இருக்கிறது. ஜொகூர் பாலத்தைக் கடந்தால் வாங்குபவரின் இடையூறு சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது. பாலத்துக்கு இப்பால் தெரியவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982இலேயே, புதுக்கார் பழுதால் மொத்தம் 30 நாள் ஓடாது நின்றால் அதனைப் பெருங்குறை உடையதாகக் கருதும் சட்டத்தை இயற்றியது. குறையுள்ள புதுக்காருக்கென நம் நாட்டிலும் தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. பேச்சுக்குக் குறைவில்லை.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் மேலும் ஒரு படி சென்றது. பழுதுபார்க்கும் காலத்தில் விற்றவர் மாற்றுப்பொருளை விலையின்றி இரவலாகத் தரலாம் என்று எழுதி வைத்தது. ‘தரலாம்’ என்பதைத் தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டும். ‘தரலாம்’ என்பது இசைவு. ‘தர வேண்டும்’ என்பது விதி. ஒரு விகுதி வேறுபாட்டில் ஒரு மனிதனின் 26 நாள்கள் தொங்குகின்றன. இலக்கணம் வாழ்க்கைக்கு உதவாது என்று சொல்லும் மாணவனிடம் இதை எடுத்துக்காட்டுங்கள்.

மறுப்புரைகளும் விடைகளும்

இரவல் கார் தருவதைக் கட்டாயமாக்கினால் கார் விலை ஏறும் என்பர் சிலர். ஏறட்டும் என்று நான் சொல்லவில்லை. ஏன் ஏற வேண்டும் என்று கேட்கிறேன். உதிரிப்பாகத்தை எங்கே, எத்தனை வைத்திருப்பது என்பதை முடிவு செய்பவர்கள் அவர்கள். எத்தனை வேலையாள்களை அமர்த்துவது என்பதும் அவர்கள் கையில். தாமதத்தைக் குறைக்கும் ஆற்றல் உள்ளவர்மீது தாமதத்தின் சுமையை வைத்தால் தாமதம் குறையும். அந்த ஆற்றல் சிறிதும் இல்லாத என்மீது வைத்தால், 26 நாள் 36 நாளாவதை எது தடுக்கும்? இரவல் கார் ஒன்று வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைவே பட்டறையின் கைகளை விரைவாக இயக்கும்.

இரவல் வாங்குபவர்கள் வண்டியைச் சிதைத்துவிடுவார்கள் என்பது அடுத்த மறுப்பு. சிதைப்பவரும் இருக்கலாம், மறுக்கவில்லை. அதற்குத்தான் காப்புறுதி, ஒப்பந்தம், வைப்புத்தொகை, நிழற்படம் எல்லாம் உள்ளன. வாடகைக் கார் நிறுவனங்கள் அன்றாடம் முன்பின் அறியாதவரிடம் வண்டியைக் கொடுத்துப் பிழைக்கின்றன. பல ஆயிரம் வெள்ளிக் கடனில் தன்னிடமே கார் வாங்கியவரை அந்த அளவுகூட நம்ப மாட்டேன் என்பது வணிகக் கவலை ஆகாது. அது மனிதரைத் தரம் பிரிக்கும் மனப்பான்மை. விலையுயர்ந்த வகைக்கு ஒரு நீதி, மலிவு வகைக்கு ஒரு நீதி, நகரத்தார்க்கு ஒரு நீதி, தோட்டத்தார்க்கு ஒரு நீதி என்றால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது பழைய கதை. துரை பங்களாவுக்கு வேறு சாலையும் தொழிலாளர் வீடுகளுக்கு வேறு சாலையும் இருந்ததை நம் பெற்றோர் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு நம்மவரிடமிருந்தே வருகிறது. ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் கேட்டார்: “கார் வைத்திருப்பவர் கவலையை ஏன் ஊர்க்கவலை ஆக்குகிறீர்கள்? தோட்டத் தொழிலாளிக்கு இதில் என்ன?” நல்ல கேள்வி. 1985இல் முதல் புரோட்டோன் சாகாவும் 1994இல் பெரோடுவா கஞ்சிலும் சாலைக்கு வந்தபின், கார் என்பது செல்வர் வீட்டுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. 1994இலேயே வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அது நம் மாநிலத்தின் ஊடே செல்கிறது. ஆனால் அந்த நெடுஞ்சாலை எதுவும் உட்புறத் தோட்டத்திற்குப் பேருந்தைக் கொண்டுவரவில்லை. கித்தா அழிந்து செம்பனை வந்தது, குடும்பங்கள் குறைந்தன, பள்ளி மட்டும் அங்கேயே நிற்கிறது. ஆசிரியரும் மாணவரும் தொழிலாளியும் சொந்த வண்டியின்றி அசைய முடியாது. தொழிலாளியின் வண்டி மோட்டார் சைக்கிள். அது உத்தரவாதக் காலத்தில் பழுதானால் அவருக்கு இரவல் மோட்டார் சைக்கிள் தருபவர் யார்? என் 26 நாள் எனக்கு வெட்கமும் செலவும் ஆயிற்று. அவருக்கு அது 26 நாள் கூலி. ஆகவே நான் கேட்பது காருக்கு மட்டும் அன்று; பிழைப்புக்கு இன்றியமையாத எந்தப் பொருளுக்கும் பொருந்தும் நெறியைக் கேட்கிறேன்.

குற்றம் நம்மிடமும் உண்டு

விற்பனையகத்தை மட்டும் சாடிவிட்டு நிறுத்தினால் இக்கட்டுரை பாதி உண்மையாகிவிடும். மறுபாதி நாம். நான் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது ஒரு பக்கத்தையும் படிக்கவில்லை. உத்தரவாத நூலைக் கைப்பெட்டிக்குள் போட்டவன் பதினான்கு மாதம் திறக்கவில்லை. மூன்று நாள் என்று வாயால் சொன்னதை நம்பி, எழுதித் தரும்படி கேட்கவில்லை. கருத்துணர்தல் பயிற்சியை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்தும் ஆசிரியன், தன் வாழ்வின் மிகப்பெரிய கடன் பத்திரத்தைக் கருத்துணராமல் ஒப்பமிட்டான்.

நமக்கு எதற்கு வம்பு என்ற ஒரு வாக்கியம் நம் வீடுகளில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. பெரட்டில் கிராணி பெயரை விட்டுவிட்டாலும் வம்பு வேண்டாம். கடைப்பற்றில் கணக்கு ஏறியிருந்தாலும் வம்பு வேண்டாம். அந்த அச்சத்திற்கு அன்று காரணம் இருந்தது. வேலையும் வீடும் ஒரே கையில் இருந்த காலம் அது. வேலை போனால் கூரையும் போகும். இன்று கல்லூரியில் பயின்று, அரசு ஊதியம் பெற்று, சொந்த வீட்டில் வாழும் ஆசிரியரும் அதே வாக்கியத்தைச் சொன்னால் அதற்கு அச்சம் என்று பெயரிட முடியாது, அது பழக்கம். பழக்கத்தை மாற்றுவது ஆசிரியரின் தொழில்.

ஆகவே என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஒப்படைக்கும்போது நாள், நேரம், ஓடிய தூரம், குறை ஆகியவை எழுதிய சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். இரவல் வண்டியையும் எழுத்திலேயே கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிடைத்தால், ஏறுமுன் கீறல்களை நிழற்படம் எடுத்து, காப்புறுதி யாரைக் காக்கிறது, விபத்து நேர்ந்தால் உங்கள் பங்கு எவ்வளவு, எரிபொருள் யார் பொறுப்பு என்பனவற்றைப் படித்தபின் ஒப்பமிடுங்கள். கிடைக்காவிட்டால் வாடகைப் பற்றுச்சீட்டுகளைக் காத்து வையுங்கள். பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக்கட்டணம் 5 வெள்ளி. தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்த அதன் வரம்பு பின்னர் 25,000 ஆகி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 வெள்ளி ஆனது. அங்கே வழக்கறிஞர் வாதாட இடமில்லை, நீங்களே பேசலாம். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றம்.

நானும் மனுச் செய்தேன். ஒரு பக்கக் கடிதம், ஒரு படிவம், 5 வெள்ளி. விசாரணை நாளுக்கு முன்பாகவே விற்பனையகத்தார் தொலைபேசியில் அழைத்தனர். இம்முறை குரலில் வேறு மரியாதை இருந்தது. வாடகைப் பணம் 1,140 வெள்ளியைத் தர ஒப்புக்கொண்டனர், தந்தனர். ஓடாத மாதத்தின் தவணையைப் பற்றி எதுவும் பேசவில்லை. நானும் அத்துடன் ஒப்புக்கொண்டேன். லாரிக்குள் கழிந்த அந்த நிமிடங்களுக்கு விலை எதுவும் எவரிடமும் இல்லை; அதனால் கேட்கவும் இல்லை.

அந்தப் பணம் கைக்கு வந்த அன்று மாலை, சேவை முகப்பில் அதே இளைஞரைக் கண்டேன். அவர் மெல்லச் சொன்னார்: “சார், உங்களுக்கு முன்னால் யாரும் எழுத்தில் கேட்டதே இல்லை.” அந்த ஒரு வாக்கியத்தில் என் கட்டுரை முழுவதும் அடங்கிவிடுகிறது.

வேண்டுவது யாது?

அரசிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘நியாயமான காலத்திற்குள்’ என்பதை அடுத்து, ‘குறிப்பிடத்தக்க இடையூறு இன்றியும்’ என்னும் சொற்கள் சேர்க்கப்பட வேண்டும். உத்தரவாதப் பழுதுக்காக வண்டி மூன்று வேலை நாளுக்குமேல் நின்றால், ஒத்த பயனுடைய இரவல் வண்டியோ அதற்குரிய வாடகையோ தரப்பட வேண்டும். நின்ற நாள்கள் உத்தரவாதக் காலத்துடன் கூட்டப்பட வேண்டும். வாங்கியவரின் முகவரியோ வண்டியின் விலையோ இதில் வேறுபாட்டை உண்டாக்கக் கூடாது. இந்நான்கையும் எழுத ஒரு பக்கம் போதும்.

ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது அதனினும் சிறிது. கடிதம் எழுதும் பயிற்சியில் ஆண்டுதோறும் நண்பனுக்கும் மாமாவுக்கும் எழுதச் சொல்கிறோம். இவ்வாண்டு ஒரு கடிதத்தைக் கடைக்காரருக்கு எழுதச் சொல்லுங்கள். வாங்கிய பொருள் பழுது. என்ன குறை, எந்நாளில் வாங்கினேன், என்ன வேண்டுகிறேன் என்று மரியாதை குன்றாமலும் தலை குனியாமலும் எழுதப் பழக்குங்கள். அதே பாடத்தில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் விளக்குங்கள். ‘கொடு’ என்று அதட்டும் ஆணவம் நமக்கு வேண்டாம். ‘ஈ’ என்று கையேந்தும் தாழ்வும் வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கியவனும் விலை பெற்று விற்றவனும் ஒத்தவர்கள். ஒத்தவனிடம் ஒத்தவன் கேட்கும் சொல்லைத் தமிழ் இரண்டாயிரம் ஆண்டுகளாக நமக்கென வைத்திருக்கிறது. அதை மாணவன் தேர்வுத்தாளில் எழுதினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். நாளை அவன் ஒரு முகப்பின் முன் நிமிர்ந்து நின்று சொல்லும்போதுதான், நாம் அதைக் கற்பித்தோம் என்று பொருள்.